வந்துட்டேன் ஆட்டம்

பிப்ரவரி 3

மரியாதைக்குரிய கணக்கு சாருக்கு,

வணக்கம். இங்கு நலம். அங்கும் நலமா என்று கேட்பது ஒப்பந்தத்தில் சேருமா, சேராதா என்று தெரியவில்லை. ஆகவே கேட்கவில்லை.

ஒப்பந்தம் உங்களுடையதுதான். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் ‘நீ இங்கே வா’, ‘நீங்கள் இங்கே வாருங்கள்’ என்று ஆரம்பித்துவிடுகிறது, இனிமேல் போன் வேண்டாம், கடிதம் போதும், அதிலும் பள்ளிக்கூட விஷயம் மட்டும் எழுதலாம் என்றீர்கள். சரி என்றேன். இரண்டு வருஷமாக இரண்டு ஊரில், இரண்டு அடுப்பு மூட்டி வாழ்கிற புருஷன் பெண்சாதிக்கு இதுவும் ஒரு ஏற்பாடுதான். எனவே சமையலறைக் குழாய் ஓயாமல் சொட்டுவதைப் பற்றி இதில் ஒரு வரியும் இருக்காது. நீங்கள் விட்டுப்போன குடையை எலி கடித்ததைப் பற்றியும் இருக்காது.

விஷயம் இதுதான். என் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு என்றால் ஆகாது. அந்தப் பீரியட் வந்தால் பாதிப் பேருக்கு வயிறு வலிக்கும், மீதிப் பேருக்கு ஒன்றுக்கு வரும். கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். கடைசியில், ‘நான் ஒன்றும் சொல்லித் தரப்போவதில்லை, நீங்களே ஆளுக்கொரு கணக்கு ஆட்டம் கண்டுபிடித்துக்கொண்டு வாருங்கள், விளையாடலாம்’ என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாளிலிருந்து ஒருவருக்கும் வயிறு வலிக்கவில்லை. எனக்குத்தான் தலை வலிக்கிறது.

ஒருத்தி கொண்டுவந்த ஆட்டத்தில், தப்பாக விடை சொல்பவர் டீச்சர் நாற்காலியில் உட்காரலாம். வகுப்பு முழுவதும் தப்பாகவே சொன்னது. இன்னொன்றில் தோற்றவர் எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டும். சரியாக ஒப்பித்தார்களா என்று சொல்ல யாருக்கும் எட்டாம் வாய்ப்பாடு தெரியாது.

ஆனால் ஒரே ஒரு ஆட்டம் பிடித்துக்கொண்டது. அதைச் செய்தவர்கள் இரண்டு பேர். ஒருத்திக்குப் பட்டாசு என்று பெயர், வாயைத் திறந்தால் பக்கத்து வகுப்பு எழுந்து நிற்கும். இன்னொருவன் தூங்குமூஞ்சி, நின்றுகொண்டே தூங்குவான். ஆட்டத்தின் பெயர் ‘வந்துட்டேன்’. எங்கள் வராந்தாவில் வரிசையாக இருபது சதுரக் கல் பதித்திருக்கிறது. ஒருவர் முதல் கல்லில் நிற்க வேண்டும், மற்றவர் இருபதாவது கல்லில். இருவர் கையிலும் 1, 3, 5 என்று மூன்று சீட்டு. (இரட்டை எண் சீட்டுகளை நாலாம் வகுப்புக்காரர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.) ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் ஒரு சீட்டைக் காட்ட வேண்டும். அவரவர் காட்டிய எண் எவ்வளவோ அவ்வளவு கல் நடக்க வேண்டும். முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம். இரண்டு பேரும் ஒரே கல்லில் வந்து நின்றுவிட்டால் இருவரும் சேர்ந்து ‘வந்துட்டேன்’ என்று கத்துவார்கள். இருவருக்கும் வெற்றி. தோற்பவர் கிடையாது.

தலைமையாசிரியை அம்மாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ‘இதில் கணக்கு எங்கே இருக்கிறது, எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் வராந்தாவை விட்டுவிடுங்கள்’ என்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கூட்டல் என்று எழுதலாமா, கழித்தல் என்று எழுதலாமா? நீங்கள் பத்தாம் வகுப்புக்கே கணக்குச் சொல்பவர். பார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு டீச்சர்

*

பிப்ரவரி 9

மூன்றாம் வகுப்பு டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. மேசைமேல் சுண்ணக்கட்டியால் இருபது கட்டம் போட்டு, இரண்டு பொத்தான்களை வைத்து விளையாடிப் பார்த்தேன். பொத்தான்கள் என் சட்டையிலிருந்து விழுந்தவை. அவை ஏன் இன்னும் தைக்கப்படவில்லை என்பது பள்ளிக்கூட விஷயம் அல்ல.

சாயங்காலம் முழுவதும் விளையாடியும் இரண்டு பொத்தானும் ஒரே கட்டத்தில் வந்து நிற்கவில்லை. பக்கத்தில் வருகின்றன, தாண்டுகின்றன, திரும்பி வருகின்றன, மறுபடி தாண்டுகின்றன. முதலில் என் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். பிறகுதான் மூளையை உபயோகித்தேன். ஏன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், நிதானமாகப் படி.

முதல் கல்லுக்கும் இருபதாவது கல்லுக்கும் நடுவே தூரம் பத்தொன்பது. அது ஒற்றை எண். ஒவ்வொரு முறையும் இருவரும் நகர்கிறார்கள், இருவரும் ஒற்றை எண்தான் நகர்கிறார்கள். ஒற்றையும் ஒற்றையும் கூட்டினாலும் இரட்டை, கழித்தாலும் இரட்டை. ஆக, அவர்களுக்கு நடுவே இருக்கும் தூரம் எப்போதும் இரட்டைக் கணக்கில்தான் கூடும் அல்லது குறையும். ஒற்றையிலிருந்து இரட்டையைக் கழித்துக்கொண்டே போனால் ஒற்றைதான் மிஞ்சும், ஒருநாளும் பூஜ்யம் வராது. அவர்கள் ஒரே கல்லில் நிற்கவே முடியாது. நூறு வருஷம் ஆடினாலும் முடியாது.

ஆக, உன் பிள்ளைகள் உன்னை ஏமாற்றுகிறார்கள், அல்லது நீ விதியைத் தப்பாக எழுதியிருக்கிறாய். எப்படியிருந்தாலும் இது முடியாத ஆட்டம். தலைமையாசிரியையிடம் கொடுத்து மானத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வேறு ஆட்டத்தைக் கொடு.

இன்னொரு விஷயம். இது பள்ளிக்கூட விஷயம்தான், ஆகவே எழுதலாம். ஊர் மாறுதல் கேட்டு விண்ணப்பிக்க இந்த மாதம் இருபதாம் தேதி கடைசி நாள். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்தக் கதவைத் திறக்கிறார்கள். உனக்குத் தெரிந்திருக்கும். சும்மா எழுதினேன்.

இப்படிக்கு,
கணக்கு வாத்தியார்

*

பிப்ரவரி 13

கணக்கு சாருக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் படித்துக் காட்டினேன். கோபத்தில் செய்தேன், ஆனால் நல்லதாகப் போயிற்று. வராந்தாவில் எல்லாரையும் நிற்க வைத்து, ஒற்றை, இரட்டை என்று கல்லைக் காட்டிக் காட்டி நீங்கள் சொன்னபடியே சொன்னேன். கணக்கென்றால் ஓடுகிற பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். முடிந்ததும் பட்டாசு, “ஆமா டீச்சர், சார் சொல்றது சரிதான்” என்றாள். தூங்குமூஞ்சிகூடத் தலையாட்டினான்.

பிறகு அவர்கள் இருவரும் போய் அவரவர் கல்லில் நின்று விளையாடினார்கள். ஐந்தாவது தடவை சீட்டுக் காட்டியதும் ஒரே கல்லில் நின்று ‘வந்துட்டேன்’ என்று கத்தினார்கள்.

இன்னொரு ஜோடியை ஆடச் சொன்னேன். அவர்களும் சேர்ந்துவிட்டார்கள். நான் குனிந்து அவர்கள் காலையே பார்த்துக்கொண்டு கூடவே நடந்தேன். ஐந்து என்றால் ஐந்து கல், மூன்று என்றால் மூன்று கல், ஒரு கல்கூடக் கள்ளம் இல்லை. நீங்கள் சொல்வதைக் கேட்டால் அது சரி, இவர்கள் ஆடுவதைப் பார்த்தால் இதுவும் சரி. இரண்டும் எப்படிச் சரியாக இருக்கும்? எப்படிச் சேர்கிறீர்கள் என்று கேட்டேன். “சேரணும்னுதானே டீச்சர் ஆடறோம்” என்கிறார்கள்.

ஒன்று மட்டும் தெளிவாக எழுதுகிறேன். என் பிள்ளைகள் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. போன மாதம் போனில் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. ‘மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லா ஊரிலும்தான் இருக்கிறார்கள், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று எந்த ஊரிலும் சொல்லித் தரலாம், நீதான் வர வேண்டும்’ என்றீர்கள். அன்று நான் போனை வைத்ததற்குக் காரணம் குக்கர் விசில் இல்லை. என் வேலையை நீங்கள் ஊதித் தள்ளினீர்கள், அதுதான் காரணம். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கலாம். நூறு வருஷம் ஆடினாலும் முடியாது என்று நீங்கள் சொன்னதை ஐந்தே சீட்டில் முடிப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

பொத்தான் தைக்க ஊசியும் நூலும் போதும். பெண்சாதி வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு டீச்சர்

*

பிப்ரவரி 18

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் விஷயம் புரியவில்லை. ஐந்தாவது சீட்டில் சேர்ந்தார்கள் என்றால் கணக்குப் பொய் என்று ஆகிறது. கணக்கு பொய் சொல்லாது. நீயும் பொய் சொல்ல மாட்டாய். எனக்குத் தெரிந்தவரை நீ சொன்ன ஒரே பொய், நான் வைத்த ரசம் நன்றாக இருக்கிறது என்றது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள என் பத்தாம் வகுப்பிடம் இதைக் கொடுத்தேன். வாய்திறக்காத பையன்கள் எல்லாம் எழுந்து வந்து பலகையில் எழுதினார்கள். இவர்கள் இப்படி எழுந்து வந்து நான் பார்த்ததில்லை. மூன்று விதமாக நிரூபித்தார்கள், மூன்று விதத்திலும் முடியாது என்றே வந்தது. அப்புறம் அவர்களையும் வராந்தாவுக்குக் கூட்டிப்போய் இருபது கட்டம் போட்டு ஆட விட்டேன். ஒருவனும் சேரவில்லை.

ஒரு ஜோடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் நல்ல நண்பர்கள், எப்படியாவது சேர்ந்துவிட வேண்டும் என்று வெறியோடு ஆடினார்கள். பன்னிரண்டாவது கட்டத்தில் ஒருவன், பதின்மூன்றாவதில் மற்றவன், மூக்கும் மூக்கும் இடிக்கிற தூரம். இருவரும் ஒன்று என்ற சீட்டையே காட்டினார்கள். ஆளுக்கொரு கட்டம் முன்னால் வைத்தார்கள். இவன் பதின்மூன்றுக்குப் போய்விட்டான், அவன் பன்னிரண்டுக்கு வந்துவிட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ஏனோ சிரிப்பு வரவில்லை.

நீ எதையோ எழுதாமல் விட்டிருக்கிறாய். வேண்டுமென்று விட்டாய் என்று சொல்லவில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை பார். இந்த முறை காலை மட்டும் பார்க்காதே.

ஏமாற்றுகிறார்கள் என்று எழுதியதை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். பொத்தானை நானே தைத்துவிட்டேன். சட்டையோடு சேர்த்து மேசை விரிப்பையும் தைத்துவிட்டதால் பாதி பிரிக்க வேண்டியதாயிற்று.

இருபதாம் தேதி எனக்கு அலுவலகத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அதனால் இன்றே தபாலில் சேர்க்கிறேன்.

இப்படிக்கு,
கணக்கு வாத்தியார்

*

பிப்ரவரி 25

கணக்கு சாருக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததும் எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி காலை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன். இருவரும் நெருங்கி வரும்வரை நீங்கள் எழுதியபடியேதான் எல்லாம் நடக்கிறது. பட்டாசு பதினோராவது கல்லில், தூங்குமூஞ்சி பதினாலாவதில். நடுவே தூரம் மூன்று, ஒற்றை. அப்போது தூங்குமூஞ்சி கையைக் கட்டிக்கொண்டான். சீட்டுக் காட்டவில்லை, நகரவும் இல்லை. பட்டாசு மட்டும் மூன்று சீட்டைக் காட்டி மூன்று கல் நடந்து அவனிடம் போய்ச் சேர்ந்தாள். அவ்வளவுதான். ஒருவர் நிற்க மற்றவர் நடந்தால் உங்கள் ஒற்றை உடைந்துவிடுகிறது இல்லையா?

இத்தனை நாள் இது என் கண்ணில் படாமல் இல்லை. தினமும் பட்டது. ‘கையைக் கட்டு, வாயைப் பொத்து’ என்று இந்தப் பிள்ளைகளுக்குப் பழக்கியவளே நான்தானே? நான் கிட்டத்தில் போனதும் டீச்சருக்குப் பயந்து ஒழுங்காக நிற்கிறார்கள் என்று நினைத்து, மனசுக்குள் மெச்சிக்கொண்டு வேறு இருந்தேன். இப்படி ஒரு தப்பை டீச்சரைத் தவிர யாரும் செய்ய முடியாது.

ஏன் இதை விதியில் சொல்லவில்லை என்று பட்டாசைக் கேட்டேன்.

“சும்மா நிக்கறது எப்படி டீச்சர் ரூல் ஆகும்?” என்றாள்.

முதல் நாள் ஆடும்போது தூங்குமூஞ்சி நின்றபடியே தூங்கிவிட்டானாம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இவளே அவன் கல்லுக்குப் போய் உலுக்கினாளாம். அன்றிலிருந்து அப்படியே வந்துவிட்டது. தலைமையாசிரியைக்காக அதையும் எழுதிப் போடட்டுமா என்றேன். ஒரேயடியாக மறுத்துவிட்டாள்.

“எழுதிப் போட்டா ரெண்டு பேரும் கையைக் கட்டிப்பாங்க டீச்சர். அப்புறம் யாரு வர்றது? யாரு முதல்ல கட்டறாங்களோ அவங்கதான் நிக்கணும். மத்தவங்க வரணும்.”

எட்டு வயது. நான் உள்ளே வந்து பேனாவைத் திறந்தேன். தலைமையாசிரியைக்கு ‘ஒற்றை எண், இரட்டை எண்’ என்று எழுதி, உங்கள் நிரூபணத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். வராந்தா எங்களுக்கே என்று சொல்லிவிட்டார். அதற்கு நன்றி.

நானும் ஒரு காரியம் செய்திருக்கிறேன். பள்ளிக்கூட விஷயம்தான். உறுதியானதும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு டீச்சர்

*

மார்ச் 12

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

இன்று காலை உத்தரவு வந்தது. எனக்கு ஊர் மாறுதல் கிடைத்துவிட்டது. எந்த ஊருக்கு என்று நீ கேட்க மாட்டாய், ஆனாலும் எழுதுகிறேன். உன் ஊருக்கு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற உயர்நிலைப் பள்ளி. ஜூன் முதல் தேதி சேர வேண்டும்.

அந்த இரண்டு பையன்கள் முதுகைக் காட்டி நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. உனக்கு எழுதிய மறுநாளெல்லாம் அதே நினைப்பு. இருபதாம் தேதி போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைக்குமோ கிடைக்காதோ என்று உன்னிடம் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள் என்றேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் இந்த ஊரில்தான் முளைக்கிறார்களா என்று நீ திருப்பிக் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன்.

வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். நாற்காலியும் மேசையும் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு. சொட்டுகிற குழாயை யாரிடமும் கொடுத்துச் சரிசெய்துவிடாதே, வந்து நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கணக்கு வாத்தியார்

*

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

ஒப்பந்தத்தை மீறி அன்பு என்று எழுதிவிட்டேன். செய்தி அப்படிப்பட்டது.

உத்தரவு வந்துவிட்டது. உங்கள் ஊரில் ஆற்றோரத் தொடக்கப் பள்ளியில் எனக்கு இடம். ஜூன் முதல் தேதி. பொத்தானைப் பற்றி அப்படி ஒரு வரியை எழுதித் தபாலில் போட்டுவிட்டு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. யார் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிற்று. கடைசி நாளுக்கு முந்தின நாள் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிள்ளைகளிடம் இன்று சொன்னேன். தூங்குமூஞ்சி முழு விழிப்பாக இருந்து கேட்டான், அதுதான் தாங்கவில்லை. பட்டாசு ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன். அழவில்லை என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், அழுதேன். ஆனால் வருகிறேன். அந்த மேசையை மட்டும் வைத்திருங்கள். இரண்டு பேர் சாப்பிட அது போதும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்

*

மார்ச் 16

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்தவன் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. இதற்குள் என் கடிதம் உனக்கு வந்திருக்கும், நீயும் உட்கார்ந்திருப்பாய். சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. கொஞ்சம் சிரித்தேன்.

ஆளுக்கொரு கட்டம் முன்னால் வைத்துவிட்டோம். நான் உன் ஊர், நீ என் ஊர். தூரம் அதே தூரம்தான்.

கல்வி அலுவலகத்தில் விசாரித்தேன். வந்த உத்தரவை வேண்டாம் என்று ரத்து செய்துகொள்ளலாமாம், ஆனால் ஒரு தடவைதான், இந்த மாதம் இருபத்தைந்துக்குள். அதன்பிறகு மூன்று வருஷத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. சட்டையை மாட்டிக்கொண்டு ரத்து செய்யக் கிளம்பினேன். தெருமுனை வரை போனதும் கால் நின்றுவிட்டது. நான் ரத்து செய்கிற அதே நாளில் நீயும் ரத்து செய்வாய். நம் இருவரையும் எனக்குத் தெரியும். இரண்டு பேரும் ரத்து செய்தால் பழைய கதை. இரண்டு பேரும் செய்யாவிட்டால் இடம் மாறிய பழைய கதை. போனைக் கையில் எடுத்தேன். மூன்றாவது வாக்கியத்தை நினைத்து வைத்துவிட்டேன். ‘நான் வருகிறேன்’, ‘இல்லை, நான்தான் வருவேன்’ என்று இந்தத் தடவை தலைகீழாகச் சண்டை போடுவோம். அதிலும் யாரும் இறங்கி வர மாட்டோம்.

இருபது வருஷமாகக் கணக்குச் சொல்கிறேன். இதற்கு எனக்கு விடை தெரியவில்லை. எனக்கு நீ அங்கே இருப்பதும் சம்மதம், இங்கே வருவதும் சம்மதம். நடுவில் இந்தத் தூரம் மட்டும் வேண்டாம்.

நான் கையைக் கட்டவும் இல்லை, காலை எடுக்கவும் இல்லை. உன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உன் கடிதம் வரும்வரை அலுவலகப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். நீ சொல்.

அன்புடன்,
உன் கணக்கு வாத்தியார்

*

மார்ச் 20

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்ததும் நானும் உங்களைப் போலவே குழம்பினேன். கிளம்பினேன், திரும்பினேன், மறுபடி கிளம்பினேன். பார்த்தவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் வெட்கத்தை விட்டு வகுப்பிலேயே கேட்டேன். இரண்டு பேர் ஆடினார்கள், இருவருமே ஒரே நேரத்தில் நடந்துவிட்டார்கள், தாண்டிப் போய்விட்டார்கள், இப்போது என்ன செய்வது என்றேன். ஆள் யார் என்று சொல்லவில்லை. பட்டாசு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“திரும்பி நிக்கணும் டீச்சர். முதுகைக் காட்டிட்டு நின்னா யாரு கை கட்டியிருக்காங்கன்னு எப்படித் தெரியும்?”

நாம் திரும்பி நின்றுவிட்டோம் என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் உங்கள் முகம் தெரிந்தது. ஆகவே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். இன்று மத்தியானம் போய் என் மாறுதலை ரத்து செய்துவிட்டேன். இனி நீங்கள் கட்டக் கூடாது. நீங்கள்தான் வர வேண்டும்.

இரண்டு வருஷமாக ‘நீங்கள் வாருங்கள், நீங்கள் வாருங்கள்’ என்று சொன்னவள்தான் நான். அப்போது அதைச் சொல்ல நாக்கு கூசவில்லை. இப்போது கூசுகிறது. எனக்கு இந்தப் பிள்ளைகளும் மிஞ்சுகிறார்கள், நீங்களும் கிடைக்கிறீர்கள். பலகைக்கு எழுந்து வந்த உங்கள் பையன்களை நீங்கள் விட்டுவிட்டு வருகிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். நமக்காக ஒரு ஆள் நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது அப்படி ஒன்றும் சுலபமாக இல்லை. எனக்கும் ஓடி வர வேண்டும் போல இருக்கிறது. ஓடி வந்தால் மறுபடி தாண்டிவிடுவோம்.

இந்தக் கடிதம் வருவதற்குள் அவசரப்பட்டு அலுவலகம் போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். போக மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் இதைத் தபால்பெட்டியில் போடுவதற்கு முன்னால் அந்த வரியை இன்னொரு தடவை எடுத்துப் படித்துக்கொண்டேன். நிரூபணம் ஒன்றும் இல்லாமல் நம்புவது எனக்கும் புதுசு.

தையல்காரரிடமிருந்து மேசையைத் திருப்பி வாங்க வேண்டாம், இங்கே ஒன்று இருக்கிறது. குடைக்குப் பதில் வேறு குடை வாங்கி வாருங்கள். குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது, யாரையும் கூப்பிடவில்லை.

பட்டாசு ஒன்று கேட்டாள். “அந்த ரெண்டு பேரும் கடைசியில கத்தினாங்களா டீச்சர்?” இன்னும் இல்லை என்றேன். “கத்தலைன்னா ஆட்டம் முடியலைன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜூன் முதல் தேதிக்கு முன்னால் நீங்கள் எந்த நாளில் வந்தாலும் வாசலில் நிற்பேன். தெருவே வேடிக்கை பார்க்கட்டும். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்னால் நீங்கள் உரக்கச் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு வாத்தியார் தெருவில் நின்று கத்துவதா என்று பார்க்காதீர்கள். நீங்கள் சொல்லும்வரை கட்டிய கையை நான் எடுக்க மாட்டேன்.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி